கொன்ராட் வைசரின் குலவழி

பென்சில்வேனியாவில் துல்பஹொக்கன் என்னும் பள்ளத்தாக்கிலே வாழ்ந்த கமக்காரர் ஒருவர், தம் பிள்ளைகள் அறியும் பொருட்டு ஒரு குறிப்பேடு எழுதி வைத்தார். அவர் எழுதிய மொழி ஜேர்மன். அவர் பெயர் கொன்ராட் வைசர். பிரித்தானிய ஆட்சியின் கீழிருந்த பென்சில்வேனிய அரசுக்கும், அந்நிலத்தின் தொல்குடிகளான ஆறு நாட்டினர் என்னும் இரொக்குவா மக்களுக்கும் இடையே ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் மொழிபெயர்ப்பாளராகவும் தூதராகவும் நின்றவர் அவர். அமெரிக்க வரலாற்று நூல்கள் அப்பணியை விரிவாகவே பேசுகின்றன. அவர் எந்த வேரிலிருந்து கிளைத்தவர் என்பதும், அவ்வேரைத் தேடிச் சென்றோர் எங்கெங்கே தடுக்கி விழுந்தனர் என்பதும் அத்துணை அறியப்பட்டவையல்ல.

குறிப்பேட்டின் தொடக்கம் சில வரிகளே. 1696 ஆம் ஆண்டு நவம்பர் 2 ஆந் திகதி, வூர்ட்டெம்பெர்க் நாட்டிலே, ஹெரன்பெர்க் பகுதியிலே, ஆஸ்டெட் என்னும் சிற்றூரில் தாம் பிறந்ததாகவும், அருகிலுள்ள குப்பிங்கன் ஊரில் ஞானஸ்நானம் பெற்றதாகவும் அவர் எழுதுகிறார். இது தந்தை சொல்ல அறிந்தது என்றும் மறவாமற் குறிக்கிறார். தந்தை யொஹான் கொன்ராட் வைசர். தாய் அன்னா மக்தலேனா, ஊபெலே குடும்பத்தவர். பாட்டன் யாக்கோப் வைசர். பூட்டனும் யாக்கோப் வைசரே. பக்நாங் பகுதியைச் சேர்ந்த குரோஸ் அஸ்பாக் என்னும் ஊரின் தலைவராக இருந்தவர். தந்தை வழியிலும் தாய் வழியிலும் தம் முன்னோர் நினைவுக்கெட்டாத காலந்தொட்டு அவ்வூரிலேயே பிறந்து அவ்வூரிலேயே அடக்கம் பெற்றவர் என்று அப்பகுதி முடிகிறது.

தேடுவோர்க்கு முதல் இடர் இவ்வரிகளிலேயே உண்டு. ஆஸ்டெட் என்ற பெயருடன் வூர்ட்டெம்பெர்க்கில் ஓர் ஊர் இல்லை. பன்னிரண்டு வயதில் தாய்நாட்டை விட்டுப் போந்த சிறுவன், தன் காதில் நின்ற ஒலியை முதுவயதில் எழுத்தாக்கினான்; அவ்வளவே. ஊரின் பெயர் அஃப்ஸ்டெட். இதனை உறுதிசெய்ய உதவியது அவர் உடன் எழுதிய இரண்டாவது பெயராகும். அஃப்ஸ்டெட் மக்கள் குப்பிங்கன் கோயிலைச் சேர்ந்தோர். ஊர்ப்பெயர் சிதைந்து போயினும் கோயிலின் பெயர் சிதையாது நின்றமையால் வழி திறந்தது.

வழி திறந்ததும் வேறொரு வினா எழுந்தது. முன்னோர் அனைவரும் குரோஸ் அஸ்பாக் ஊரவரெனில், கொன்ராட் மட்டும் அஃப்ஸ்டெட்டில் பிறப்பானேன்? முன்னது ஸ்டுட்கார்ட் நகருக்கு வடகிழக்கே உள்ளது. பின்னது தென்மேற்கே உள்ளது. விடை தந்தையின் தொழிலில் இருந்தது. யொஹான் கொன்ராட் பாண் சுடும் தொழிலைக் கற்றவர். ஆயினும் வூர்ட்டெம்பெர்க் கோமகனின் குதிரைப்படையிலே கோப்பிரலாகவும் இருந்தார். பிரான்சிய மன்னன் பதினான்காம் லூயியின் படைகள் ரைன் நாடுகளை அலைக்கழித்த காலம் அது. படை தங்கிய ஊரிலே படைவீரனின் மனைவியும் தங்கினாள். அங்கே பிள்ளை பிறந்தது. பிறந்த ஊரே பூர்விக ஊர் என்று கொண்டு தேடியிருந்தால், அஃப்ஸ்டெட்டில் ஒரு வைசர் குடும்பத்தையும் காணாது கைவிட நேர்ந்திருக்கும்.

வூர்ட்டெம்பெர்க்கில் குலவழி தேடுவோர் ஒருவகையிற் கொடுத்து வைத்தவர்கள். 1558 ஆம் ஆண்டிலே கோமகன் கிறிஸ்தோப், கோயில்தோறும் ஞானஸ்நானமும் திருமணமும் ஏட்டிற் பதியப்பட வேண்டுமென்று ஆணையிட்டான். நூலிழை போன்ற கையெழுத்தில் குருமார் எழுதிய அவ்வேடுகளிற் பல இன்றும் உள. பலவற்றுக்கு நிழற்படச் சுருள்களும் எடுக்கப்பட்டுள்ளன. குழந்தையின் பெயர், தந்தையின் பெயர், ஞானப் பெற்றோரின் பெயர்கள் ஆகியன அவற்றில் இருக்கும். தாயின் பெயர் இருக்கும். அவள் எக்குடும்பத்தில் பிறந்தவள் என்பது பல இடங்களில் இராது. ஞானப் பெற்றோர் பெரும்பாலும் உறவினராகவோ அயலவராகவோ இருப்பராதலின், கைதேர்ந்த ஆய்வாளர் அப்பெயர்களையே கைவிளக்காகக் கொள்வர்.

ஆனால் ஏடுகள் இருந்த நாடு போர்க்களமாகவும் இருந்தது. 1634 ஆம் ஆண்டிலே நோர்ட்லிங்கன் போரில் புரட்டஸ்தாந்தர் பக்கம் தோற்றபின், வென்ற படைகள் வூர்ட்டெம்பெர்க்கினுட் புகுந்து சூறையாடின. பின்னே கொள்ளைநோய் வந்தது. குருவானவர் இறந்த ஊர்களில் ஏடு எழுத ஆளில்லை. கோயில் எரிந்த ஊர்களில் எழுதிய ஏடும் இல்லை. 1693 ஆம் ஆண்டிலே பிரான்சியர் பக்நாங் நகரைத் தீக்கிரையாக்கினர். இத்தகைய நாட்டில் மூன்று தலைமுறையைப் பெயர் சொல்லி நிறுத்துவதே அரிது.

நினைவுக்கெட்டாத காலம் என்று கொன்ராட் எழுதியதை இந்நோக்கில் எடைபோட வேண்டும். அவர் பெயர் சொன்னது பூட்டன் வரையிலேதான். அதற்கு அப்பால் பெயர் எதனையும் அவர் கற்பித்துக் கொள்ளவில்லை. அமெரிக்காவிற் செல்வம் சேர்த்த குடும்பங்கள் பல, பத்தொன்பதாம் நூற்றாண்டிலே பணங்கொடுத்துக் குலச்சின்னங்களும் வீரப்பிரபுக்களான மூதாதையரும் பெற்றுக்கொண்டதுண்டு. கொன்ராட் கோரியது அதுவன்று. அவருடைய பூட்டன், இலங்கையில் முன்னாளிருந்த விதானையாரைப் போல, ஓர் ஊர்த்தலைவர். அவ்வளவிலே நின்றுவிடும் ஒருவர் சொல்லை நம்புவதற்கு இடமுண்டு.

இனி, அவ்வூரை அவர்கள் விட்டுவந்த கதை. 1708 ஆம் ஆண்டின் இறுதியிலும் 1709 ஆம் ஆண்டின் தொடக்கத்திலும் ஐரோப்பாவை வாட்டிய குளிர் வரலாற்றிற் பேர்போனது. ஆறுகள் உறைந்தன, முந்திரிகைக் கொடிகள் வேரோடு பட்டன. போர் வரியோ குறையவில்லை. பிரித்தானிய அரசி ஆன் அமெரிக்காவிலே குடியேறுவோர்க்கு நிலம் அளிப்பாள் என்னும் செய்தி, கொக்கர்தால் என்ற போதகர் எழுதிய சிறு நூலொன்றின் வாயிலாக ஊர்தோறும் பரவிற்று. அரசியின் படமும் பொன்னெழுத்துத் தலைப்பும் தாங்கி வந்தமையால் மக்கள் அதனைப் பொற்புத்தகம் என்றனர். அந்த ஆண்டு மே மாதத்திலே அன்னா மக்தலேனா இறந்தாள். குரோஸ் அஸ்பாக்கில் முன்னோர் பக்கத்திலே அடக்கம் செய்யப்பட்டாள். ஜூன் 24 ஆந் திகதி யொஹான் கொன்ராட் எட்டுப் பிள்ளைகளோடு புறப்பட்டார்.

ஒன்பது பிள்ளைகளில் எட்டுப்பேரே சென்றனர். மூத்தவள் கத்தரீனா, மணமாகி இரு குழந்தைகளுக்குத் தாயாகியிருந்தமையால், கணவன் கொன்ராட் பொஸ்ஸுடன் ஊரிலேயே தங்கினாள். வீடு, வயல், புற்றரை, முந்திரிகைத் தோட்டம் அனைத்தையும் தந்தை அவர்களிடம் விட்டார். அவர்களால் அப்போது கொடுக்க முடிந்தது 75 குல்டன். மீதி 600 குல்டனைப் பின்னர் அனுப்புவதென்று பேச்சு. அது வரவேயில்லை, ஆதலின் அவர்களுக்கே நன்கொடையாயிற்று என்று கொன்ராட் எழுதி வைத்தார். அவர் கோபித்தாரா, சிரித்தாரா என்று அவ்வரியிலிருந்து கூறல் இயலாது. தொகை மட்டும் அத்தனை ஆண்டுகள் கழிந்தும் பிசகாமல் நினைவிலிருந்தது.

ரைன் ஆற்றின் வழியே ரொட்டர்டாம், அங்கிருந்து கடல்வழியே இலண்டன். இதே ஆற்றின் வழியாக ஒல்லாந்துக்கு இறங்கிய வேறு ஜேர்மானியர், ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியில் போர்வீரராகச் சேர்ந்து, கொழும்புக்கும் காலிக்கும் வந்தனர். இலங்கைப் பறங்கிக் குடும்பங்களின் வமிசாவளிகளை ஒல்லாந்தப் பறங்கியர் சங்கம் 1908 ஆம் ஆண்டிலே தொடங்கிய தன் சஞ்சிகையில் வெளியிட்டு வந்தபோது, ஜேர்மன் ஊர்ப்பெயர்கள் பல அவற்றின் தலைப்பில் நின்றது இதனாலேயே.

1709 ஆம் ஆண்டின் இளவேனிலிலிருந்து மாரிவரை ஏறக்குறைய 13,000 ஜேர்மானியர் இலண்டனை வந்தடைந்தனர். நகருக்கு வெளியே பிளாக்ஹீத் முதலிய வெளிகளிற் கூடாரமடித்து அவர்களைத் தங்கவைத்தனர். அவர்களுக்கு இடப்பட்ட பொதுப்பெயர் பாலட்டினர் என்பது. பாலட்டினேட் என்பது ரைன் கரையிலிருந்த ஒரு நாடு. வந்தோரிற் பலர் அந்நாட்டினரே. ஆனால் வைசர் போன்ற வூர்ட்டெம்பெர்க்கினரும், ஹெஸ்ஸன், நாசா நாட்டினரும் அப்பெயருக்குள் அடங்கினர். எழுதுவோர்க்கு அது எளிதாயிருந்தது. இருநூறு ஆண்டுகள் கழித்துத் தம் முன்னோரைத் தேடிய பேரப்பிள்ளைகளோ, அப்பெயரை நம்பிப் பாலட்டினேட்டின் கோயிலேடுகளை வீணே புரட்டினர்.

இலண்டனில் ஜேர்மன் போதகர் இருவர் வந்தோரின் விவரங்களைத் திரட்டினர். குடும்பத் தலைவரின் பெயர், வயது, தொழில், சமயம், ஆண்மக்களின் வயது, பெண்மக்களின் வயது ஆகியன அதில் உண்டு. மனைவி இருப்பது குறிக்கப்படும். அவள் பெயர் குறிக்கப்படுவதில்லை. அவ்வேலை ஜூன் நடுப்பகுதியோடு நின்றுபோனது. ஜூன் 24 ஆந் திகதி ஊரைவிட்ட வைசர் குடும்பம் அப்பட்டியல்களில் இல்லாமைக்குக் காரணம் இதுவே.

பத்துக் கப்பல்களில் 4,000 பேர் அமெரிக்காவுக்குப் புறப்பட்டதாகக் கொன்ராட் எழுதினார். அரசாங்கக் கணக்கின்படி அவர்கள் 3,000 பேருக்கும் குறைவு. நத்தார் வேளையில் கப்பலேறியது உண்மையே. ஆயினும் கப்பல்கள் 1710 ஏப்பிரில் வரை இங்கிலாந்தின் கரையோரத்திலேயே கிடந்தன. காய்ச்சல் பரவியது. நியூயோர்க் சேருமுன்னும் சேர்ந்தவுடனுமாக நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். பதின்மூன்று வயதுச் சிறுவனின் கண்ணுக்கு அக்கூட்டம் 4,000 ஆகத் தோன்றியதில் வியப்பில்லை.

நியூயோர்க்கில் ஆளுநர் ஹண்டர் இவர்களுக்கு அரச செலவில் உணவளித்தார். பிரித்தானியக் கடற்படைக்கு வேண்டிய கீல் எடுக்கும் வேலையில் இவர்களை அமர்த்தி, அச்செலவை ஈடுசெய்வது அரசின் எண்ணம். கீல் கிடைக்கவில்லை. ஆனால் உணவு கொடுத்ததற்கு எழுதிய கணக்குப் புத்தகம் எஞ்சிற்று. 847 குடும்பங்களின் பெயர் அதில் உள்ளது. ஆங்கிலேய எழுதுவினைஞர் ஜேர்மன் பெயர்களைத் தம் காதுக்கு எட்டியவாறு எழுதினர். ஒரே மனிதனின் பெயர் மூன்று பக்கங்களில் மூன்று விதமாக நிற்கும். இந்தப் பட்டியலைக் கையிலெடுத்துக்கொண்டு, ஜேர்மன் கோயிலேடுகளை ஊரூராகத் தேடி, ஹென்றி ஜோன்ஸ் என்ற அமெரிக்கர் 1985 ஆம் ஆண்டிலே இரு பெருந்தொகுதிகளை வெளியிட்டார். பாதிக்கு மேற்பட்ட குடும்பங்களின் சொந்த ஊர் அதனால் விளங்கிற்று. ஓர் ஊரிலே ஒரு குடும்பத்தைக் கண்டால், கணக்கிலே அதற்கு முன்னும் பின்னும் நின்ற குடும்பங்களையும் அவ்வூரின் அயலிலே தேடுவது அவருடைய முறை. அயலவராய் இருந்தோர் அயலவராகவே கப்பலேறினர்.

உணவுக் கணக்கு சொல்லாததை வைசரின் குறிப்பேடு சொல்கிறது. கடைசித் தம்பி யொஹான் பிரெடெரிக், கரையிறங்கிய அவ்வாண்டு டிசம்பரிலேயே ஆறு வயதளவில் இறந்தான். அப்புதுக் குடியிருப்பில் முதலில் மண்ணுக்குள் வைக்கப்பட்டவன் அவனே. தந்தை நோயுற்றிருந்த வேளையில் ஜோர்ஜ் பிரெடெரிக், கிறிஸ்தோப் பிரெடெரிக் ஆகிய இரு தம்பியர், ஆளுநரின் ஏற்பாட்டில், லோங் தீவிலே பிறரிடம் வேலைப்பயிற்சிக்காகக் கட்டிக்கொடுக்கப்பட்டனர். பெற்றோரை இழந்த பிள்ளைகளும் வறியோர் பிள்ளைகளும் இவ்வாறு பலவிடங்களுக்குப் பிரிக்கப்பட்டனர். பிற்காலத்தில் பத்திரிகைச் சுதந்திர வழக்கினாற் புகழ்பெற்ற பீட்டர் செங்கர் அவர்களுள் ஒருவர். 1711 ஆம் ஆண்டிலே தந்தை மறுமணம் செய்தார். சின்னம்மாவின் வரவே உடன்பிறந்தோர் சிதறக் காரணமாயிற்று என்று கொன்ராட் எழுதுகிறார். மறுபக்கத்து நியாயத்தைக் கூற அந்த அம்மையார் குறிப்பேடு எழுதவில்லை.

கொன்ராட் பதினாறு வயதளவில் மொஹாக் தலைவர் ஒருவருடன் அனுப்பப்பட்டு, அவர்கள் குடியிருப்பிலே பசியோடும் குளிரோடும் ஒரு மாரியைக் கழித்து, அவர்கள் மொழியைக் கற்றார். பிற்காலத்தில் அவரை உயர்த்திய கல்வி அது. அவர் மரபைத் தேடியோரைப் பின்னாளில் மயக்கியதும் அதுவே.

1720 ஆம் ஆண்டு நவம்பர் 22 ஆந் திகதி, ஸ்கோஹரி என்னும் இடத்திலே தந்தையின் வீட்டில், ஹேகர் என்ற போதகர் முன்னிலையில் அவர் மணம் புரிந்தார். குடியேறியோரின் நிலவழக்கை முறையிட இலண்டன் சென்ற தந்தை அப்போது ஊரில் இல்லை. நாளையும் இடத்தையும் போதகரையும் இத்தனை கவனமாக எழுதிய கொன்ராட், மணமகளை அன்னா ஈவா என்று மாத்திரம் குறித்தார். தாயின் குடும்பப் பெயரை எழுதியவர் மனைவியின் குடும்பப் பெயரை எழுதவில்லை. தம் பிள்ளைகளுக்குத் தாயை அறிமுகஞ் செய்ய வேண்டுமென்று எந்தத் தகப்பனுக்குத் தோன்றும்?

1729 ஆம் ஆண்டிலே மனைவி மக்களோடு அவர் துல்பஹொக்கனில் வந்து குடியேறினார். 1745 ஆம் ஆண்டிலே மகள் அன்னா மரியாவை ஹென்றி மெல்கியோர் மூலன்பெர்க் என்ற லூத்தரன் போதகர் மணந்தார். அவர்களுடைய மைந்தருள் ஒருவர் அமெரிக்கப் புரட்சிப் போரிலே தளபதியானார். இன்னொருவரான பிரெடெரிக், 1789 ஆம் ஆண்டிலே ஐக்கிய அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் முதலாவது சபாநாயகரானார். பெரிய குடும்பமாயிற்று, ஆகவே மூதாதையரைப் பற்றிக் கதைகளும் பெருகின. மொஹாக் மொழியைத் தாய்மொழிபோற் பேசிய கொன்ராட், குடும்பப் பெயரில்லாத ஒரு மனைவி - இவ்விரண்டையும் முடிச்சிட்டு, அன்னா ஈவா ஒரு மொஹாக் கன்னிகையே என்ற கதை எழுந்தது. சந்ததியாரிற் சிலர் அதனைப் பெருமையாகவே பேணினர். கேட்க இனிய கதைதான்.

அதனை மறுத்த சான்று அமெரிக்காவிலன்றி ஜேர்மனியிலே அச்சாகியிருந்தது. மூலன்பெர்க், ஹாலே நகரிலே பிராங்கே என்ற பெரியார் நிறுவிய சமயக் கல்வி நிலையத்திலிருந்து அனுப்பப்பட்டவர். தமிழருக்கு ஹாலே புதிய பெயரன்று. 1706 ஆம் ஆண்டிலே தரங்கம்பாடிக்கு வந்து தமிழ் கற்று, வேதாகமத்தின் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்ட சீகன்பால்கு அங்கே பயின்றவர். தரங்கம்பாடியிலிருந்து சென்ற கடிதங்கள் அங்கேயே அச்சாயின. மூலன்பெர்க்கையும் முதலில் இந்தியாவுக்கே அனுப்பக் கருதினர். பென்சில்வேனியாவுக்கு 1742 ஆம் ஆண்டிலே சென்ற அவர், தரங்கம்பாடிப் போதகர்களைப் போலவே ஹாலேக்கு ஒழுங்காக அறிக்கை எழுதினார்.

அவ்வறிக்கைகளில் மாமனாரின் குடும்பச் செய்திகளும் வருகின்றன. 1746 ஆம் ஆண்டிலே, எண்பத்தாறு வயதான யொஹான் கொன்ராட் நியூயோர்க்கிலிருந்து நெடுவழி நடந்தும் சுமக்கப்பட்டும் மகன் வீட்டை அடைந்தார் என்றும், பேரரும் பூட்டரும் சூழ அங்கே உயிர்நீத்தார் என்றும் அவர் எழுதினார். மைந்தன் யோசேப்பைக் காண எகிப்துக்குச் சென்ற முதியவரான யாக்கோபை அவருக்கு அக்காட்சி நினைவூட்டியது. பாட்டனும் பூட்டனும் யாக்கோப் என்ற பெயர் தாங்கிய குடும்பத்துக்கு அவ்வுவமை பொருந்தியே அமைந்தது. அன்னா ஈவாவைப் பற்றியும் மூலன்பெர்க் ஒரு வரி எழுதினார்: மாமனார் 1720 ஆம் ஆண்டிலே மணந்தது, சுவிசேஷ சமயத்தைச் சேர்ந்த ஜேர்மன் கிறிஸ்தவப் பெற்றோரின் மகளை. மாமியாரின் வீட்டில் உண்டு உறங்கிய மருமகனின் சொல் அது.

அவள் யாருடைய மகள் என்பதும் பின்னர் ஆய்வாளரால் தெளிவாயிற்று. கொன்ராட்டின் குடும்பத்தைப் போலவே 1710 ஆம் ஆண்டிலே கப்பலில் வந்திறங்கிய பீட்டர் ஃபெக் என்பவரே அவள் தந்தை. ஹண்டரின் உணவுக் கணக்கிலே குடும்பத் தலைவரின் பெயருக்கு எதிரே இரு நிரல்கள் உள: பத்து வயதுக்கு மேற்பட்டோர் இத்தனை பேர், உட்பட்டோர் இத்தனை பேர். ஃபெக் என்ற பெயருக்கு எதிரேயுள்ள எண்ணிலே அன்னா ஈவாவும் ஒருத்தி.